தோர்னக்கல் அத்தியட்சர்

முகூர்த்த நாளுக்கு முந்திய வாரத்தில் பர்கூர் ஜவுளிக் கடைத் தெருவில் நின்றால் மூன்று மொழிகள் ஒரே நேரத்தில் காதில் விழும். குப்பத்திலிருந்து வந்த குடும்பம் தெலுங்கில் பேரம் பேசும். முல்பாகல் பக்கத்துக்காரர்கள் கன்னடத்தில் வேறு கலர் காட்டச் சொல்வார்கள். கடைப்பையன் இருவருக்கும் அவரவர் மொழியில் பதில் சொல்லிவிட்டு முதலாளியிடம் தமிழில் திரும்புவான். எல்லையோரத்துக்காரர்களான எங்களுக்கு மொழி தாண்டுவது பிறந்ததிலிருந்து பழகிய காரியம். ஆனால் நாங்கள் தாண்டுவதெல்லாம் பிழைப்புக்காக. கடை அடைத்ததும் அவரவர் மொழிக்கு வீடு திரும்பிவிடுகிறோம். அதனால்தான் ஒரு திருநெல்வேலித் தமிழரின் கதை என்னை விடவேயில்லை. முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது நல்ல வேலையை விட்டுவிட்டு, மொழி தெரியாத நிஜாம் சீமைக் கிராமம் ஒன்றில் மனைவி மக்களோடு போய்க் குடியேறி, சாகும்வரை அங்கேயே இருந்துவிட்டவர் அவர்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர், அதாவது பிஷப்.

அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எங்கள் பழைய ஜில்லாதான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன் தர்மபுரி, 1965-க்கு முன் சேலம். அந்தச் சேலத்தில் 1876-இல் பிறந்தவர் கே. டி. பால். ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்துக்கு அகில இந்தியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் குரலாகப் பேசப் போனவர். எங்கள் வட்டாரத்துப் பெரியவர் என்ற பாசத்தில் அவரைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க, பக்கத்திலேயே இன்னொரு பெயர் வந்துகொண்டிருந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நாட்களிலிருந்து இருவரும் நண்பர்கள். 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்துச் செராம்பூரில், வில்லியம் கேரியின் பெயர் தாங்கிய நூலகத்தில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டதும் இந்த நட்பு வட்டத்தின் உழைப்பால்தான். பாலைத் தேடிப் போன நான் அசரியாவிடம் தங்கிவிட்டேன்.

பர்கூரைச் சுற்றி ஜவுளிக்கு அடுத்தபடி கல்தான் தொழில். எங்கள் குன்றுகளை அறுத்துப் பாலிஷ் போட்டு உலகமெங்கும் அனுப்புகிறார்கள். தெலங்கானாவின் கம்மத்திலும் அதே தொழில் நடக்கிறது. அங்கே பிளாக் பார்க்கப் புறப்பட்ட ஒரு குவாரி நண்பரோடு நானும் ஒட்டிக்கொண்டேன். அவருக்குக் கல், எனக்குக் கம்மத்துக்குப் பக்கத்திலிருந்த தோர்னக்கல். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, இரவெல்லாம் ஆந்திரக் கரையோரம் வடக்கே போய், விஜயவாடாவில் கிருஷ்ணா நதியைக் கடந்தோம். பாலத்தின் மேல் வண்டி மெதுவாகப் போகும்போது பெட்டியிலிருந்த பாதிப் பேர் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதற்கப்புறம் நிலம் மாறியது. கறுத்த மண்ணில் பருத்தி, களத்தில் காயும் மிளகாய், நடுவே எங்கு பார்த்தாலும் பனை.

பனையைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அசரியா பிறந்ததும் பனங்காட்டில்தான். திருச்செந்தூருக்கு மேற்கே, மெஞ்ஞானபுரத்தை ஒட்டிய செம்மணல் தேரிக்காட்டில் வெள்ளாளன்விளை என்று ஒரு சிற்றூர். 1874 ஆகஸ்ட் 17-இல் அங்கே, பனையேறி வாழ்ந்த நாடார் சமூகத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்ச் சபையின் குருவானவர். வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து வேண்டிப் பெற்ற மகன் என்பதால் சாமுவேல் என்று பெயர். வேதாகமத்தில் அன்னாள் வேண்டிப் பெற்ற பிள்ளையின் பெயர் அது. பையனுக்குப் பதினைந்து வயது ஆகுமுன் தந்தை போய்விட்டார். தாய் எலன் கண்டிப்போடு வளர்த்தார். மகன் சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டுப் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். பட்டமில்லாத அந்த இளைஞருக்கு 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1895-இல் ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளர்களில் ஒருவராகச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுக்க ரயிலிலும் மாட்டு வண்டியிலும் சுற்றும் வேலை. 1898-இல் அன்பு மரியம்மாளை வரதட்சணை வாங்காமல் மணந்தார். கல்லூரி வாசலை மிதித்த மிகச் சில தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் அந்த அம்மாவும் ஒருவர். பிறகு 1902-இல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். அந்தப் பயணம் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், அதுவும் மாணவர்கள், தங்கள் கைக்காசைச் சேர்த்து, கடல் தாண்டித் தமிழ்நாட்டின் கரையோரத்துக்கு ஓர் ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அசரியாவுக்கு அது உறைத்தது. திருநெல்வேலிச் சபை யாழ்ப்பாணத்தைவிடப் பெரியது. மூன்று தலைமுறையாக வெளிநாட்டுக்காரர்களின் பணத்திலும் உழைப்பிலும் பள்ளியும் ஆலயமும் பெற்றது. அது யாருக்கு என்ன அனுப்பியது? ஊர் திரும்பியவர் நண்பர்களைக் கூட்டினார். 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. மூன்று விதிகள்: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். வங்கப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் கிளம்புவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் தாமிரபரணிக் கரையில் எடுத்த முடிவு இது. நான் படித்த பள்ளிப் பாடங்களில் இதற்கு ஒரு வரிகூட இல்லையே என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை மிகவும் அசைத்தது. பெரிய ஜமீன் யாரும் பின்னால் இல்லை. பனையேறிகளும் கூலிக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் போட்ட காணிக்கை. உலையில் அரிசி போடும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கும் பிடியரிசி. அந்தக் காசில், தமிழ் பேசாத, யாரும் போகாத ஒரு பகுதியைத் தேடினார்கள். ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் வாரங்கல் ஜில்லாவின் தென்கிழக்கு மூலையில் தோர்னக்கல் கிடைத்தது.

கம்மத்தில் நண்பர் கல்லோடு நின்றுவிட, நான் பாசஞ்சர் ரயிலில் தோர்னக்கல் போய் இறங்கினேன். இன்று மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கும் சிறிய ஊர். ஆனால் ஜங்ஷன் பெரியது. கொத்தகூடம் நிலக்கரி வயலுக்குப் போகும் கிளைப்பாதை இங்கேதான் பிரிகிறது. நான் இறங்கிய நேரத்தில் நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று தண்டவாளம் அதிர நீண்டுகொண்டே போனது. நிஜாம் காலத்தில் சிங்கரேணிக் கரிக்காகப் போட்ட பாதையால்தான் இந்த இடத்துக்குப் பெயரே கிடைத்தது. முதலில் வந்த தமிழ் ஊழியர்களும் இந்த ரயிலை நம்பித்தான் வந்திருப்பார்கள்.

ஸ்டேஷனிலிருந்து பேராலயத்துக்கு வழி கேட்டபோது ஓர் ஆட்டோக்காரர் என் தெலுங்கைக் கேட்டுக் குப்பமா, மதனப்பள்ளியா என்றார். பர்கூர் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. தமிழ்நாடு என்றதும், "அஜரய்யா ஊரா?" என்று கேட்டார். செத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்ட ஒருவரின் ஊராக என் மாநிலம் முழுவதையும் ஓர் ஆட்டோ ஓட்டுநர் நினைக்கிறார். நான் ஆமாம் என்றேன். மாநிலக் கணக்கில் அது பொய்யில்லை.

எபிபனி பேராலயத்தை முதலில் பார்க்கும் எவரும் ஒரு கணம் தடுமாறுவார்கள். தமிழ்நாட்டில் ஆங்கிலிக்கன் ஆலயம் என்றால் கூர்ந்த கோபுரமும் வண்ணக் கண்ணாடி ஜன்னலும் நம் கண்ணில் நிற்கும். மெஞ்ஞானபுரத்திலேயே ஜான் தாமஸ் எழுப்பிய ஊசிக் கோபுரம் பல மைலுக்குத் தெரியும். அசரியா அந்த நிழலில் வளர்ந்தவர். அப்படியிருந்தும் தன் மக்களுக்கு அதை எடுத்து வரவில்லை. இங்கே குவிமாடம் இருக்கிறது, மினார் போன்ற சிறு கோபுரங்கள் இருக்கின்றன, உள்ளே போனால் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் செதுக்குத் தூண்கள், அவற்றில் தாமரை. நிஜாமின் ராஜ்யத்தில், இந்துக்கள் நடுவே வாழும் கிறிஸ்தவர்களுக்கு எது அந்நியமாக இருக்காதோ அதை எல்லாம் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கல் தொழில் செய்யும் ஊரிலிருந்து வந்தவன் என்பதால் தூண்களைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மிஷினில் அறுத்த வழவழப்பு இல்லை. உளி பட்ட தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆனது. உலகப் போர் குறுக்கே வந்தது, பிறகு பொருளாதார மந்தம். பிரதிஷ்டை நடந்தது 1939 ஜனவரி 6-இல், எபிபனி எனப்படும் பிரசன்னத் திருநாளன்று. யூதரல்லாத தூரதேசத்து ஞானிகள் பெத்லகேமுக்கு வந்து குழந்தையைக் கண்ட நாள் அது. அந்நியருக்கும் இங்கே இடம் உண்டு என்று சொல்லும் பண்டிகையின் பெயரை ஓர் அந்நிய ஊர்க்காரர் தன் ஆலயத்துக்கு வைத்திருக்கிறார்.

ஆலயத்து வளாகத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தி பக்கத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் வந்ததைக் கவனித்திருக்கிறார். "கூர்ச்சோண்டி பாபு" என்று திண்ணையைத் தட்டிக் காட்டினார். அவருடைய பாட்டி அசரியாவின் கையால் திடப்படுத்தல் பெற்றவராம். பாட்டி சொன்னதில் அவருக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: அத்தியட்சர் வந்தால் அவர்கள் குடியிருப்புக்குள்ளேயே வருவார்.

அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியம் அல்ல. தோர்னக்கல் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள், கிணற்றுக்கு விடப்படாதவர்கள், செத்த மாட்டைத் தூக்கவும் பறை அடிக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். 1909-இல் அசரியா குடும்பத்தோடு இங்கே வந்தபோது தங்க வீடு கிடையாது, கூடாரம்தான். ஒய்.எம்.சி.ஏ.வில் மரியாதையான சம்பளமும் உலகத் தொடர்பும் இருந்த மனிதர். 1907-இல் ஜப்பானுக்கே போய்வந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிராம ஊழியராகப் பட்டம் பெற்று, நடுவயதில் தெலுங்கு எழுத்துக்கூட்டிப் படித்தார். திருநெல்வேலிப் பெண்களின் பிடியரிசி அவருக்குச் சம்பளமாக வந்தது.

மறு ஆண்டே, 1910 ஜூனில், எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டுக்கு அழைப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையே ஒத்துழைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதுக்காரர் எழுந்து, இருப்பதை இருப்பதுபோலச் சொன்னார். வெள்ளைக்கார மிஷனரிகள் இந்தியருக்காகப் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், அதை வருங்காலத் தலைமுறைகள் மறக்காது. ஆனால் சமமாக உட்கார வைத்துச் சாப்பாடு போடுவதில்லை, கைகுலுக்குவதில்லை, முதலாளி கூலிக்காரனிடம் பழகுவதுபோலப் பழகுகிறார்கள். எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள், பலர் முகம் இறுகியது. அந்தப் பேச்சை இன்றும் உலகத் திருச்சபை வரலாறு எழுதும் யாரும் தாண்டிப் போக முடிவதில்லை.

அதைச் சொல்லத் தகுதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தோர்னக்கல்லில் உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது. மாநாட்டுக்குப் போகும் முன் அவரே ஒரு வெளியூர் மிஷனரியாக ஒரு வருஷம் வாழ்ந்துவிட்டார். தெலுங்கு ஏழைகளின் கண்ணில் அவரும் தூரதேசத்தார். படித்தவர், காசு கொண்டுவந்தவர், உத்தரவு போடக்கூடிய நாற்காலியில் உட்கார்ந்தவர். வெள்ளைக்காரரிடம் அவர் கேட்ட நட்பை இங்கே அவரே கொடுக்க வேண்டியிருந்தது. எளிதாகக் கொடுத்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். கண்டிப்பான தாயிடம் வளர்ந்த கண்டிப்பான மனிதர். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் தோர்னக்கல்லின் நான்கு பேய்கள் என்று சொல்லி விரட்டியவர். மேலிருந்து பார்த்துச் சொல்லும் குரல் அதில் கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது. அந்த மக்களைக் கடனிலும் அழுக்கிலும் வைத்திருந்தது ஊர் அமைப்பு. அதையும் அவர் அறிந்திருந்தார். கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், மருந்தகம் என்று அவர் கட்டியவை அதற்குச் சாட்சி.

பள்ளியைப் பற்றிப் பெரியவர் உற்சாகமாகப் பேசினார். ஊழியத்துக்கு ஆள் தயார் செய்யும் முறையே இங்கே வேறு மாதிரி. மாணவர்கள் மனைவியோடு வந்து குடிசை போட்டுத் தங்குவார்கள். காலையில் வயல் வேலை, பிறகு பாடம். மனைவிகளுக்கும் எழுத்து, சுகாதாரம், வேதபாடம். நாளைக்குக் கிராமத்தில் புருஷன் மட்டும் படித்தவனாக இருந்து பயனில்லை என்ற எண்ணம். இதற்கெல்லாம் முதுகெலும்பு அன்பு அம்மாள். நான்கு மகன்கள், இரண்டு மகள்களை வளர்த்துக்கொண்டே சபைப் பெண்களின் படிப்பையும் சங்கங்களையும் நடத்தினார். அசரியாவின் புகழில் அந்த அம்மாவுக்கு உரிய பங்கு இன்னும் கொடுக்கப்படவில்லை.

பாட்டும் அப்படித்தான். ஆங்கில ராகத்தில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளோடு நிறுத்தாமல், தெலுங்குக் கீர்த்தனையும் பஜனையும் கிராம ஜாத்திரையும் சபைக்குள் வந்தன. அறுவடைக் காணிக்கையாக நெல், கோழி, காய்கறி எல்லாம் பீடத்துக்கு முன் வந்து குவியும் என்று பெரியவர் கையை விரித்துக் காட்டினார். ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் அவர் வீட்டிலும் இருந்ததாம்.

அத்தியட்சர் பட்டத்தைச் சொல்ல வேண்டும். சென்னை அத்தியட்சர் ஹென்றி வைட்ஹெட், தத்துவ மேதை ஆல்பிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன். ஓர் இந்தியரை அத்தியட்சராக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. வெள்ளைக்கார ஊழியர்கள் இந்தியன் கீழ் வேலை செய்வதா? இன்னும் காலம் கனியவில்லை என்று கௌரவமாகச் சொன்னவர்களும் உண்டு. எல்லாவற்றையும் மீறி, 1912 டிசம்பர் 29-இல், கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியாவின் தலைமேல் கை வைத்தார்கள். வெள்ளாளன்விளைப் பையன் தோர்னக்கல் அத்தியட்சரானார். பின்னாளில் அவருடைய அத்தியட்சாதீனம் கிருஷ்ணா கரைவரை விரிந்தபோது ஆங்கிலேய மிஷனரிகளும் அவர் கீழ் வேலை செய்தார்கள். 1930-களின் நடுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சபையார், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்கள்.

அந்தப் பெருக்கமே காந்தியடிகளோடு மோதலையும் கொண்டுவந்தது. தீண்டாமையை எதிர்த்து ஹரிஜன இயக்கம் நடத்திக்கொண்டிருந்த காந்திக்கு, கிராமம் கிராமமாகத் தாழ்த்தப்பட்டோர் மதம் மாறுவது ஏற்கவில்லை. அவர்கள் சிந்தித்து மாறவில்லை என்றார். எங்கள் கிராமங்களில் மாறிய வாழ்க்கையைப் பாருங்கள் என்பது அசரியாவின் பதில். இருவருமே இந்தியாவை நேசித்தவர்கள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கூடாது, நாங்கள் இந்த நாட்டு மக்களில் கலந்தவர்கள் என்று அசரியா உறுதியாக எதிர்த்தவர். காந்தியும் தனித் தொகுதியை விரும்பாதவர். அவ்வளவு நெருங்கியும் இந்த ஒரு விஷயத்தில் சேரவில்லை. யார் சரி என்று நான் தோர்னக்கல் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெரியவரின் பாட்டி சிந்திக்காமல் எதையும் செய்தவர் என்று அவர் பேரனின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்லியிருக்க முடியாது.

அசரியா உயிரைக் கொடுத்து உழைத்த இன்னொரு காரியம் சபைகளின் ஐக்கியம். ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெத்தடிஸ்ட் என்ற பிரிவுகள் எல்லாம் ஐரோப்பாவில் நடந்த சண்டைகளில் பிறந்தவை. அந்தச் சண்டை என்னவென்றே தெரியாத மாதிகா விவசாயி அதை ஏன் சுமக்க வேண்டும்? 1919 மே மாதம் முதல் இரு நாட்களில், மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியக் குருமார்களே கூடி ஐக்கியத்துக்கு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அசரியா அதற்கு முன்னணியில் நின்றார். பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1927-இல் லோசானில், 1937-இல் எடின்பரோவில், 1938-இல் தாம்பரத்தில் என்று போன இடமெல்லாம் இதையே சொன்னார். பிரிவினை உங்களுக்குக் கருத்து வேறுபாடாக இருக்கலாம், எங்கள் நாட்டில் அது பாவம் என்ற பொருளில் மேலை நாட்டார் முகத்துக்கு நேரே பேசினார். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நாடு விடுதலையாகி ஆறு வாரம். அதைக் காண அவர் இல்லை. 1945 ஜனவரி 1-இல் தோர்னக்கல்லிலேயே காலமானார். இந்த மண்ணிலேயே அடக்கம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறவில்லை. 1912-இல் திறந்த கதவு அப்படியே திறந்திருக்கவில்லை. அவர் சாகும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகளாக, இந்தியாவில் சொந்த அத்தியட்சாதீனம் உடைய ஆங்கிலிக்கன் அத்தியட்சர்களில் இந்தியர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பிறகு தோர்னக்கல்லுக்கு வந்ததும் எலியட் என்ற வெள்ளைக்காரர். அவர் நல்லவராக இருந்திருக்கலாம். ஆனால் ஒருவரை மேடையில் ஏற்றி, இதோ எங்கள் பெருந்தன்மை என்று உலகுக்குக் காட்டிவிட்டு, மற்றவர்களைக் கீழேயே நிறுத்தி வைப்பது எந்தக் காலத்திலும் நடக்கிற அநியாயம். அந்தத் தனிமையை அவர் எப்படித் தாங்கினார் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

"பாபு, அவரை இங்கே அனுப்பினது யாரு? வெள்ளைக்கார தொரைங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

இல்லை அய்யா, என்று ஆரம்பித்து, தேரிக்காட்டைச் சொன்னேன், பனையேறிகளைச் சொன்னேன், அடுப்படியில் எடுத்து வைத்த அரிசியைச் சொன்னேன். என் குப்பத்துத் தெலுங்கும் அவருடைய தெலங்கானாத் தெலுங்கும் நடுவில் சிக்கிக்கொண்ட இடங்களில் கையால் மரம் ஏறிக் காட்டினேன். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் சபை வெள்ளைக்காரர் பணத்தில் வந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாராம். தாடி மரம், அதாவது பனை, ஏறுகிறவர்களா, எங்கள் ஊர்க் கள் இறக்கும் கவுண்ட்லோள்ளு மாதிரியா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதே மரம், அதே வேலை என்றேன்.

பேத்தி செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தி, ஊர் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். வெள்ளாளன்விளை. அவளுக்கு அந்தக் கடைசி எழுத்துகள் வாயில் வரவில்லை. நானே தட்டிக் கொடுத்தேன். வரைபடத்தில் கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி வந்து நின்றது. தாத்தாவும் பேத்தியும் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஆலயம் இருக்கிறதா, இப்போதும் பனை இருக்கிறதா, எங்கே தங்குவது, சாப்பாடு காரமாக இருக்குமா என்று கேள்விகள். அறுவடை முடிந்ததும் நாலைந்து குடும்பமாகப் போய்வர வேண்டும் என்று பெரியவர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். சென்னை எழும்பூரில் திருச்செந்தூர் வண்டி ஏறுங்கள், இறங்கி மெஞ்ஞானபுரம் போகும் பஸ்ஸைக் கேளுங்கள், அங்கே யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள் என்று அவள் நோட்டில் தெலுங்கில் எழுதிக் கொடுத்தேன்.